இறந்துபோன தலைவர்களையும் பாடகர்களையும் ஏஐ மூலம் பேச வைப்பதும் பாட வைப்பதும் சரியா?

பாட வைப்பதை ஏற்றுக்கொள்கிறேன். குடும்பத்தின் சம்மதம், உரிய சம்பளம், வெளிப்படையான அறிவிப்பு மூன்றும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இறந்த தலைவரை ஓட்டுக் கேட்க வைப்பதை மட்டும் எந்த நிபந்தனையிலும் ஏற்க மாட்டேன். கட்சி சம்மதித்தாலும் சரி, பெற்ற பிள்ளையே சம்மதித்தாலும் சரி. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான், அம்பாசமுத்திரம் டீக்கடையானாலும் வாட்ஸ்அப் குழுவானாலும், பேச்சு சீக்கிரமே "உனக்குத் தொழில்நுட்பம் பிடிக்காது", "நீ அந்தக் கட்சிக்காரன்" என்று வழிதவறிவிடுகிறது.

பாட்டை முதலில் பார்ப்போம். 2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரகுமான் கொண்டுவந்தார். சாகுல் ஹமீது தொண்ணூறுகளின் பிற்பகுதியில் விபத்தில் இறந்தவர். பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் காலமானவர். சர்ச்சை கிளம்பியதும் ரகுமான் எக்ஸ் தளத்தில் விளக்கம் சொன்னார்: குடும்பங்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம், தகுந்த ஊதியமும் அனுப்பியிருக்கிறோம் என்று. அதே ஆண்டில் விஜய் நடித்த 'கோட்' படத்தில், அந்த ஜனவரியில்தான் மறைந்த பவதாரிணியின் குரலைத் தம்பி யுவன் சங்கர் ராஜா 'சின்ன சின்ன கண்கள்' பாட்டில் சேர்த்தார். அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நேர்மாறான கதையும் அதே சமயம் நடந்தது. எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியில்லாமல் ஏஐ மூலம் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அவர் செய்தது சரி.

இந்தப் பாட்டுகள் பொதுவாக எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். முதலில் உயிரோடிருக்கும் ஒருவர் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பாடுகிறார். எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது, எந்த இடத்தில் சங்கதி போடுவது எல்லாம் அவர் தொண்டையிலிருந்து வருவது. மறைந்தவரின் பழைய பதிவுகளில் பழகிய மென்பொருள், பாடியவரின் குரல்நிறத்தை எடுத்துவிட்டு மறைந்தவரின் குரல்நிறத்தைப் பூசுகிறது. ஆக நாம் கேட்பது இரண்டு பேரை. நான் கேட்பதெல்லாம், அந்த முதல் ஆளின் பெயரையும் போடுங்கள் என்பதுதான். எங்கோ வாய்ப்புத் தேடி அலையும் ஒரு பையனோ பெண்ணோ உயிரைக் கொடுத்துப் பாடியிருப்பார். பட்டியலில் அவருக்கு ஓர் இடம்கூட இல்லாமல் போவது இந்தத் தொழிலுக்கு நல்லதில்லை.

கொடை என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா. "கோயில் கொடையில் இன்னிசைக் கச்சேரிக்காரர் டி.எம்.எஸ். குரலில் பாடவில்லையா, அதை ரசிக்கத்தானே செய்கிறோம்" என்று கேட்கிறார்கள். ரசிக்கிறோம்தான். நானும் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவன். ஆனால் மேடையில் நிற்பவர் யார் என்று கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டு நன்றாக இருந்தால் அன்பளிப்பு அவர் சட்டையில் குத்தப்படுகிறது, டி.எம்.எஸ். படத்துக்கு அல்ல.

நடிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 'கோட்' படத்தில் விஜயகாந்த் ஒரு காட்சியில் வந்தார், குடும்பம் சம்மதித்தது, அது கதை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி அரசியல். 2024 ஜனவரியில் தி.மு.க. தலைவர்களில் ஒருவரான டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில், 2018 ஆகஸ்டில் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றி, மு.க.ஸ்டாலினின் தலைமையைப் பாராட்டிப் பேசினார். அடுத்த மாதம் 24-ஆம் தேதி, ஜெயலலிதாவின் பிறந்தநாளில், எடப்பாடி பழனிசாமியின் கரத்தை வலுப்படுத்தச் சொல்லி ஜெயலலிதாவின் குரலில் ஓர் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. இரண்டு பெரிய கட்சிகளும் செய்த காரியம் என்பதால் யாரையும் தப்பவிட வேண்டியதில்லை.

என் அத்தைக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேலாகிறது. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலை தவிர வேறு சின்னத்தில் கை வைக்காதவர். அந்த ஒலிப்பதிவு யாரோ அனுப்பி அவர் போனுக்கு வந்திருந்தது. கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏல, அம்மா இது எப்பம் பேசினாவ? நான் கேட்டதே இல்லியே" என்றார். இது மிஷின் செய்த குரல் அத்தை என்றேன். அவர் உடனே கேட்டது: "அப்பம் இதை எழுதிக் கொடுத்தது யாரு?"

விவாதத்தில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். ஜெயலலிதா இறந்தது 2016 டிசம்பர் 5. பழனிசாமி முதல்வரானது 2017 பிப்ரவரியில். உயிரோடிருந்த காலத்தில், 2001-இலும் 2014-இலும், பதவியை விட்டு இறங்க நேர்ந்தபோது ஜெயலலிதா அந்த நாற்காலியில் உட்காரவைத்தது ஓ.பன்னீர்செல்வத்தை. 2022-இல் அந்தப் பன்னீர்செல்வத்தையே கட்சியிலிருந்து நீக்கினார்கள். யார் செய்தது சரி என்பது அவரவர் கருத்து. எனக்கு அதில் வழக்கில்லை. தான் இறந்த பிறகு எழுந்த ஒரு பங்காளிச் சண்டையில் ஜெயலலிதாவைத் தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு. கருணாநிதி விஷயத்திலும் அப்படியே. ஸ்டாலினின் உழைப்பை அவர் மேடையில் புகழ்ந்தது உண்மை, அந்தப் பதிவுகள் கிடைக்கின்றன. ஆனால் ஸ்டாலின் முதல்வரானது 2021 மே மாதத்தில். பார்க்காத ஆட்சிக்கு ஒருவர் எப்படி நற்சான்று கொடுக்க முடியும்?

செத்தவர் குரல் கேட்பது எங்கள் பக்கத்தில் புதுசு இல்லை. தாமிரபரணிக் கரை நெடுக, அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவர்களைத்தான் பல இடங்களில் தெய்வமாக நிறுத்திக் கும்பிடுகிறோம். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்களே, அந்த முத்துப்பட்டன் மாடுகளைக் காக்கப் போய் உயிர்விட்டவன் என்று வில்லுப்பாட்டு சொல்கிறது. கொடையில் மேளம் உச்சத்துக்குப் போனதும் சாமியாடிமேல் தெய்வம் இறங்கிப் பேசும். அப்போதும் ஊர் வாயை மூடிக்கொண்டு கேட்பதில்லை. "வந்தது யாரு? சொல்லு, என்ன குறை?" என்று பெரியவர்கள் எதிர்நின்று கேட்பார்கள். சொன்னது முறையில்லை என்று பட்டால், "சாமி சொல்லல, இவன் சொல்லுதான்" என்று சொல்லவும் ஆள் உண்டு. மறுநாள் காலையில் அதே சாமியாடி அதே தெருவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கவேண்டும். சொன்ன சொல்லுக்கு அவர் அந்த ஊரில் முகம் கொடுத்தாக வேண்டும். கட்சியின் ஐடி பிரிவில் உட்கார்ந்து ஜெயலலிதாவுக்கும் கருணாநிதிக்கும் வசனம் எழுதியவரை யார் எதிர்நின்று கேட்பது?

இந்த மண்ணில் அரசியல் பேச்சுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். 13-ஆம் தேதி திருநெல்வேலியே கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அந்த ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்தது இரட்டை ஆயுள்தண்டனை: ராஜதுரோகமாகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. சிவாவுக்கு 10 ஆண்டு. மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது என்றாலும், கோவைச் சிறையில் செக்கு இழுத்தது குறையவில்லை. பேசியதற்குத்தான் அவ்வளவும். தலைவரின் சொல்லுக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது? அந்தச் சொல்லுக்காகத் தன் உடம்பையும் வாழ்க்கையையும் பணயம் வைக்க அவர் தயாராக இருப்பதிலிருந்து. கருணாநிதியும் ஜெயலலிதாவும் சிறை பார்த்தவர்கள், தேர்தலில் தோற்றவர்கள், சொன்ன சொல்லால் ஆட்சியையும் கூட்டணியையும் இழந்தவர்கள். மென்பொருள் பேசும் வசனத்துக்கு யாரும் எதையும் இழக்கப் போவதில்லை.

அத்தை மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறான். இதில் என்னோடு நேர் எதிர். "அத்தான், குடும்பமே சரின்னுட்டு, கட்சியே சரின்னுட்டு. வெளிய நிக்க நமக்கு என்ன?" என்பான். அவன் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பாட்டுக்குக் குடும்பச் சம்மதம் போதும் என்று நானே சொன்னேனே, பேச்சுக்கு மட்டும் ஏன் போதாது? பாடகரின் குரல் அவர் சம்பாத்தியம். அதன் பலன் வாரிசுக்குப் போவது நியாயம். தலைவரின் நிலைப்பாடு வாரிசுக்கு எழுதிவைக்கும் சொத்து இல்லை. ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு இருக்கிறது, என் அத்தைக்கும் இருக்கிறது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சட்டத்தை நம்பி உட்காரவும் முடியாது. உயிரோடிருப்பவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தத் தடை விதித்தது. 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இந்திப் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் நகல் எடுப்பதைத் தடுத்தது. ஆனால் மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை போட்ட வழக்கில், இத்தகைய உரிமைகள் அந்த மனிதரோடு முடிந்துவிடுகின்றன என்று 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்தல் ஆணையம் 2024 மே மாதத்தில் போலிப் பதிவுகளைத் தெரியவந்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் ஏஐ கொண்டு உருவாக்கியதை அப்படியே குறிப்பிட்டு வெளியிடச் சொன்னது. நல்லதுதான். ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் போடுகிற குறிப்பு என் அத்தை மாதிரி ஆட்களுக்கு எதற்கு? அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். ஒலிப்பதிவில் எழுத்தும் கிடையாது. அதே குரலிலேயே, தொடக்கத்திலும் நடுவிலும், "இது இயந்திரக் குரல், இதை எழுதியது இன்ன கட்சி" என்று சொல்ல வைக்கவேண்டும். நடுவிலும் ஏன் என்றால், முன்பகுதியை வெட்டிவிட்டு அனுப்புவது எவருக்கும் அரை நிமிட வேலை.

கட்சிகளுக்கு உண்மையில் தலைவரின் குரல்தான் வேண்டுமென்றால் அது மலைபோலக் கிடக்கிறது. பல்லாண்டு மேடைப் பேச்சுகள், சட்டமன்ற உரைகள், பேட்டிகள். அவற்றைப் போடாமல் புதிதாகச் செய்வதற்குக் காரணம் இருப்பதாக நினைக்கிறேன். பழைய பேச்சு வாரிசுகளைக் கட்டிப்போடும். 2014 மக்களவைத் தேர்தலில் "மோடியா, இந்த லேடியா" என்று கேட்டு 37 தொகுதிகளை வென்ற ஜெயலலிதாவின் பேச்சை, 2025 ஏப்ரலில் பா.ஜ.க.வோடு மீண்டும் கைகோத்த கட்சி எந்த மேடையில் போடும்? 2013 மார்ச்சில் ஈழத்தமிழர் பிரச்சினைக்காகக் காங்கிரஸ் கூட்டணி அரசிலிருந்து வெளியேறியபோது கருணாநிதி பேசியதைத் தி.மு.க. எந்தக் கூட்டணிக் கூட்டத்தில் போடும்? பிறகு அவரே காங்கிரஸோடு மறுபடி சேர்ந்தார் என்பதும் பதிவில் இருக்கிறது. மனிதர் மனம் மாறியதும் அவருடைய வரலாறுதான். இயந்திரக் குரலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 2023 நவம்பரில் பீட்டில்ஸ் வெளியிட்ட 'நவ் அண்ட் தென்' பாட்டில் வருவது, 1980-இல் கொல்லப்பட்ட ஜான் லெனன் எழுபதுகளில் வீட்டில் கேசட்டில் தானே பாடிப் பதிந்த குரல். பியானோவும் இரைச்சலும் கலந்து கிடந்ததிலிருந்து அவர் குரலை மட்டும் பிரித்தெடுக்க மென்பொருள் உதவியது. புதுச் சொல் ஒன்றைக்கூட அவர் வாயில் திணிக்கவில்லை. இந்த வேலைக்கு நெல்லைச் சீமையில் எவ்வளவோ தேவை இருக்கிறது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 2022-இல் மறைந்தார். அவர் அளவுக்குப் பேர் கிடைக்காத வில்லுப்பாட்டு அண்ணாவிகளும் கணியான் கூத்துக்காரர்களும் கொடை மேடைகளில் பாடியதை யார் யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருக்கிறார்கள். குடமும் உடுக்கையும் மைக் செட் இரைச்சலும் கூட்டத்தின் சத்தமும் சேர்ந்து பாட்டு பாதிதான் காதில் விழும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படிக் கேசட் இருந்தால், நாடா ஒட்டிப்போவதற்குள் எடுத்துக் கணினியில் ஏற்றுங்கள். பாடியவர் பேர், ஊர், எந்தக் கோயில் கொடை, எந்த வருஷம் என்பதையும் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எப்படிச் செய்வது என்று கருத்துப் பகுதியில் கேட்டால், எனக்குத் தெரிந்தவரை சொல்லித் தருகிறேன்.