கைக்காசு வேலைக்குப் போகலாமோ?

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில ஆறு வருசம் தாதியா இருந்திட்டு ரொறன்ரோ வந்திருக்கிறீங்கள். இஞ்சத்தைத் தாதிப் பதிவு கிடைக்குமட்டும் ஒரு கிழவரை வீட்டில நிண்டு பாக்கக் கேக்கினம், காசு கையில தருவினமாம், போகலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். குளிரையும் பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தையும் பற்றியும் கேட்டிருக்கிறீங்கள். நல்ல சப்பாத்து வாங்குங்கோ, வீட்டுக்குக் கிட்டின பள்ளிக்கூடத்தில விடுங்கோ. அது போதும். கைக்காசுதான் எனக்குப் பயமா இருக்கு.

நான் 1987 தையில வந்தனான். வெல்லெஸ்லிப் பக்கம் ஒரு அப்பாட்மென்டில ஏழு பேர். பெரியாஸ்பத்திரியில வார்ட் பாத்த எனக்கு இஞ்ச நேர்ஸ் எண்டு சொல்லவே உரிமையில்லை. ஒன்ராறியோ தாதியர் கல்லூரியில, அது படிக்கிற இடமில்லை, தாதியரைப் பதியிற சபை, பதியாமல் அந்தப் பேரைப் பாவிக்கேலாது, இப்பவும் சட்டம் அதுதான். எங்கட ஆள் ஒருத்தர்தான் வேலை பிடிச்சுத் தந்தவர். இரவு பன்னிரண்டு மணித்தியாலம். வீட்டுக்காரர் குடுத்ததில பாதி அவருக்கு, மிச்சம் என்வலப்பில எனக்கு. வரி இல்லையெண்டு நானும் சந்தோசப்பட்டனான்.

2016இல 65 வயதாச்சு. கனடா பென்சன் கணக்குத் தாளில, சம்பளத்தில இருந்து கட்டின காசு வருசம் வருசமா வரிசை. 1987இல இருந்து 1995 மட்டும் ஒன்பது சைபர். நித்திரை இல்லாமல் உழைச்ச வருசங்கள் அவ்வளவும் அதுக்குள்ள. ரி4, அதுதான் முதலாளி வருசா வருசம் தாற சம்பளக் கணக்குத் தாள், தந்திருந்தால் நான் கட்டினதுக்குச் சரியா முதலாளியும் கட்டியிருப்பார். முதியோர் பென்சன் வேறை. அது இந்த நாட்டில இருந்த வருசத்துக்கு. முழுசா எடுக்க 40 வருசம் வேணும், எனக்கு 40இல 29 பங்குதான். கைக்காசு வேலை போனால் ஈ.ஐ. எண்ட வேலையில்லாக் காப்புறுதிக் காசும் இல்லை. கலியாண வீடுகளில "நான் ஒரு சதம் வரி கட்டேல்லை" எண்டு பெருமை பேசுற எங்கட ஆக்களின்ர கதையைக் கேக்காதேங்கோ.

போற வீட்டில முதல் நாளே நகை, காசு எல்லாத்தையும் கிழவரின்ர பிள்ளையளோட சேர்ந்து எண்ணி எழுதி வையுங்கோ. ஒரு வீட்டில மோதிரம் காணேல்லை எண்டு என்ர பையைக் கொட்டிப் பாத்தவை. மோதிரம் கதிரை மெத்தைக்குள்ள கிடந்தது. ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கேல்லை.

1996இல ஆர்.பி.என். எண்ட தாதிப் பதிவு எடுத்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தனான். கடைசியாப் பாத்தது ஸ்கொட்லாந்துக்காரி ஒரு அம்மா, பாரிசவாதம், ஒரு பக்கம் ஏலாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டுவன். குதிக்காலிலயும் நாரியடியிலயும் சிவந்திருந்தால் விரலால அமத்திப் பாப்பன். வெளிறினால் சரி, வெளிறாமல் சிவப்பாவே நிண்டால் படுக்கைப்புண் தொடங்கீட்டுது. மூண்டு வருசத்தில ஒரு புண் வர விடேல்லை. சாமத்தில முழிப்பெண்டால் ஊர்க்கதை சொல்லுவா, நானும் எங்கட பனங்காணியைப் பற்றிச் சொல்லுவன். அந்த வீட்டில இருந்து மாசி மாதம் பிந்தாமல் ரி4 தபாலில வரும். மூண்டையும் இன்னும் அலுமாரியில வைச்சிருக்கிறன்.