முதல் பத்து கிலோமீட்டர்: ஓட்டக் குழுவினர் கேட்டவை

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் நம் வட்டாரத்தில் 5, 10 கிலோமீட்டர் ஓட்டம். குழுவில் பாதிப் பேருக்கு இதுதான் முதல் பந்தயம், அதனால் கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. பதினெட்டு வருடமாக இந்த ஊர்ப் பாதைகளில் ஓடிக் கற்றதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, ஜிம்மில் டிரெட்மில்லில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறேன். வெளியே ஓடினால் ஆறாவது கிலோமீட்டரிலேயே சுருண்டுவிடுகிறேன். என்ன தப்பு செய்கிறேன்? (வங்கி ஊழியர், பொங்கோல்)

தப்பு உங்களிடம் இல்லை. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகிறதே, கவனித்திருக்கிறீர்களா? காற்றில் அவ்வளவு ஈரம். விடிகாலையில் இங்கே வெப்பம் 25, 26 டிகிரிதான். ஆனால் ஈரப்பதம் பல நாள் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நம் ஊரில் அது ஆவியாகாமல் சட்டை நுனியிலிருந்து சொட்டி, காலுறை வழியாகக் காலணிக்குள் இறங்குகிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் அடி வைக்க வைக்கச் சளக் சளக்கென்று சத்தமே கேட்கும். சூட்டை வெளியேற்ற உடம்பு தோலுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடும், காலுக்கும் அனுப்பியாக வேண்டும். அதனால்தான் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்கிறது.

இன்றிலிருந்து வாரம் மூன்று நான்கு நாள் வெளியே ஓடுங்கள். இரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும். சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பும் குறையும். பந்தயத்தன்று டிரெட்மில் வேகத்தை மறந்துவிட்டு, கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய சேவையில் 2.4 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓடுவேன். 10 கிலோமீட்டர் 50 நிமிடத்தில் முடியுமா?

கணக்குப்படி முடியும், தம்பி. ஆனால் அந்தக் கணக்கு நீண்ட தூரப் பயிற்சி உள்ளவனுக்கு. 2.4 மட்டுமே ஓடிப் பழகிய கால் ஏழாவது கிலோமீட்டரில் கணக்குக் கேட்கும். முதல் இரண்டு கிலோமீட்டரை ஆறு ஆறு நிமிடமாக ஓடு. எல்லோரும் உன்னைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். மீதி எட்டை 5 நிமிடம் 40 விநாடி வேகத்தில் ஓடினால் 57 நிமிடச் சொச்சத்தில் முடிப்பாய். முதல் பந்தயத்துக்கு அது நல்ல நேரம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் 10 கிலோமீட்டரில் கூட்டத்தோடு சேர்ந்து பாய்ந்துவிட்டேன். எட்டாவது கிலோமீட்டரில் கால்வாய் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கியது, அந்தச் சூட்டிலும் தோல் சில்லிட்டது. அது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. தலைசுற்றல், சில்லிடுதல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே நின்றுவிட வேண்டும். பக்கத்தில் ஒருவர் தடுமாறிப் பேச்சுக் குழறினால் அவரை நிழலில் கிடத்தி, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். உங்கள் நேரத்தைப் பற்றி அப்போது நினைக்காதீர்கள்.

அண்ணன்மாரெல்லாம் விலை உயர்ந்த காலணி போடுகிறார்கள். நான் துவாஸில் கட்டுமான வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. நானும் ஓடலாமா அக்கா?

தாராளமாக ஓடலாம், தம்பி. குளிர் அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் இரண்டு வாரம் பாடுபட்டுப் பெறும் வெயில் பழக்கம் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது. குறைவது தூக்கம்தான். வாரத்தில் ஒரு நாள் இரவு இருபது நிமிடம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம், போதும். வேலைக்குப் போடும் பாதுகாப்புக் காலணியில் மட்டும் ஓடாதே. விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடும் சாதாரண ஓட்டக் காலணி போதும். பந்தயத்தன்றுதான் புதிதாகப் போட வேண்டுமென்று எடுத்து வைக்காதே. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் வார நாளைவிடத் தாமதமாகத்தான் கிளம்பும். துவாஸிலிருந்து நேரத்துக்கு வந்து சேர முடியாது. குழுவில் கார் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், நான் பேசி ஏற்பாடு செய்கிறேன்.

காலையில் என்ன சாப்பிடுவது?

இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம், காயா ஜாம் தடவிய ரொட்டி இரண்டு துண்டு. கோப்பி பழக்கம் இருந்தால் கோப்பியும் குடிக்கலாம். தாகம் எடுக்கும்போது தண்ணீர் குடியுங்கள். பயத்தில் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. தேக்கா சந்தைப் பிரியாணி முந்தின இரவு வேண்டாம், ஓடி முடித்த பிறகு எல்லோரும் சேர்ந்தே போவோம்.

நான் தலையில் துடோங் அணிவேன், முழுக்கை சட்டைதான் போடுவேன். மயக்கம் வருமா?

பருத்தியைத் தவிருங்கள், அது தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். மெல்லிய, சீக்கிரம் காயும் விளையாட்டுத் துணியில் துடோங்கும் சட்டையும் கிடைக்கின்றன. உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள். தண்ணீர் மேசையில் ஒரு குவளை குடிக்க, ஒரு குவளை தலைத்துணி மேல் ஊற்ற. பயிற்சி ஓட்டத்திலேயே இதையெல்லாம் செய்து பார்த்துவிடுங்கள்.

மகனுக்கு 11 வயது. வேக ஓட்டம்தான் பிடிக்கிறது. 5 கிலோமீட்டரில் சேர்க்கலாமா?

பிடித்ததையே ஓடட்டும், தங்கச்சி. நம் சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையை முறியடிக்க 33 வருடம் ஆனது, 2001-இல் யு. கே. ஷியாம் 10.37 ஓடினார். இந்தக் கதையைப் பையனுக்குச் சொல்லுங்கள். குடும்ப ஓட்டம் இருந்தால் உங்களோடு ஓடட்டும்.

மழை வந்தால்?

மழையில் ஓடலாம், மின்னலில் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோதான் அடிக்கும், சரியாக நம் பந்தய நேரத்தில். ஏற்பாட்டாளர்கள் நிறுத்தச் சொன்னால் கூடாரத்தில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். கட்டணம் போச்சே என்று தகராறு வேண்டாம்.

இன்னொன்று: நம் ஓட்டம் நடப்பது பூங்கா இணைப்புப் பாதையில், பொதுமக்களுக்கு அதை மூட மாட்டார்கள். சைக்கிள் வரும், நடைப்பயிற்சிக்குத் தாத்தா பாட்டி வருவார்கள். இடப்பக்கமே ஓடுங்கள்.

எனக்கு 56 வயது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். கடைசியாக வந்தால் அவமானமாக இருக்காதா?

அக்கா, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது விறுவிறுப்பான நடை. நேர வரம்பை மட்டும் பதிவுத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போகலாம்.

சில வருடங்களுக்கு முன் எல்லைக்கோட்டில் தொண்டூழியராக நின்றேன். கடைசியாக ஒரு பாட்டி வந்தார். எண் அட்டையின் ஓர் ஊக்கு கழன்று, அட்டை ஒரு பக்கம் தொங்கியது. ஒரு கையால் அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டே வந்தார், அதில் இருக்கும் நேரம் கணக்கிடும் சிப் பதியாமல் போய்விடக் கூடாதே என்று. விரிப்பை மிதித்ததும் 'பீப்' கேட்டது. நின்று, திரும்பி, "பதிஞ்சிடுச்சா?" என்று என்னிடம் கேட்டார். பதக்கத்தை நான்தான் கழுத்தில் போட்டேன்.

பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. உங்கள் பெயரை நான் சேர்க்கட்டுமா, அக்கா? நானும் உங்களோடு 5 கிலோமீட்டரில் வருகிறேன். ஊக்கு நாலுக்குப் பதிலாக ஆறு கொண்டுவருகிறேன்.