சூரியனுக்கு இயேசு விலை

கேள்வி: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசு இணையத்தில் வாங்கினேன். பின்பக்கம், தலையில் ஒளிக்கதிரோடு ஒருவர் கை உயர்த்தி நிற்கிறார். 'ஆசீர்வதிக்கும் இயேசு' என்று 9,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அம்மாவுக்குப் பரிசாக வாங்கியது. ஏமாந்துவிட்டேனா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: ஏமாற்றிவிட்டார்கள் அம்மா, தப்பு உங்களுடையதல்ல. காசு அசலாகவே இருக்கலாம், கதைதான் போலி. நிற்பவர் சோல், ரோமானியரின் சூரியக் கடவுள். இடது கையில் உருண்டை இருக்கிறதா, பாருங்கள். சுற்றிலும் லத்தீனில் 'சோலி இன்விக்டோ கோமிட்டி' என்றிருக்கும்: வெல்லப்படாத சூரியனுக்கு, துணை நிற்பவனுக்கு. 312இல் மில்வியன் பாலத்துப் போரில் கிறிஸ்துவின் அருளால் வென்றதாகச் சொல்லப்படும் அதே கான்ஸ்டன்டைன், அதன் பிறகும் சில ஆண்டுகள் காசுகளில் அடித்துத் தள்ளியது இந்தச் சூரியனைத்தான். கிறிஸ்தவப் பேரரசர் என்றதும் நாம் இயேசுவைத் தேடுகிறோம். விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கு நெடுநாள் எரிச்சல் இது. காசில் இயேசு முகம் முக்கிய உருவமாக வருவதே ஏழாம் நூற்றாண்டின் கடைசியில், பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியனின் தங்கத்தில். வெண்கலத்தில் கிறிஸ்தவக் குறி வேண்டுமென்றால், ரோம ஆட்சியைப் பிடித்த மக்னென்டியஸின் காசைத் தேடுங்கள். 353 வாக்கில் அவர் அடித்த காசில், எக்ஸின் மேல் பி விழுந்தாற்போன்ற கை-ரோ (கிரேக்கத்தில் கிறிஸ்து பெயரின் முதல் இரண்டு எழுத்து) பின்பக்கத்தையே அடைத்து நிற்கும். இருபுறமும் ஆல்ஃபா, ஒமேகா.

விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: கழுவாத ரோமன் காசு நூறு, ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். தங்கம் ஏதும் சிக்குமா? (சேலம்)

பதில்: மண் சிக்கும்.

கேள்வி: பொந்தியு பிலாத்து வெளியிட்ட காசு, சிலுவை போட்டது, 14,000 ரூபாய். ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை. நல்ல காசுதானே? (திருச்சி)

பதில்: பணத்தைக் கொடுத்த பிறகுதான் கேட்பீர்களா? பிலாத்து, இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய ரோம ஆளுநர்; அவர் காசில் சிலுவை ஏது? ரோமப் பூசாரிகள் குறிபார்க்கப் பிடிக்கும் வளைகோல் இருக்கும், இல்லாவிட்டால் பலியில் மது வார்க்கும் அகப்பை. ரசீதில்லாமல் யாரிடம் போய் நிற்பீர்கள்?

நானும் யோக்கியமில்லை. பாம்புக்குத் தட்டில் ஊட்டும் சாலுஸ் என்ற ரோமானிய ஆரோக்கிய தேவியின் அழகில் மயங்கி ஒரு காசுக்கு 6,000 ரூபாய் அழுதேன். வீட்டில் வந்து விளிம்பில் நகத்தை ஓட்டினால் சுற்றிலும் ஒரு கோடு தட்டியது. அச்சால் அடித்த காசில் அது வராது, உருக்கி வார்த்த போலியில் வரும். நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பழசுபோலக் காட்டப் பூசிய அவ்வளவு பச்சையும் பஞ்சோடு வந்துவிட்டது.

கேள்வி: காசில் பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்கலாமா? (மதுரை)

பதில்: ஐயோ, கூடாது. கெட்டியாகப் படிந்த களிம்பு போனால் விலையும் போச்சு. வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். குளோரைடு உள்ளிருந்து அரிக்கிறது. மற்ற காசுகளிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். புளியைக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.