வாயில் எச்சில் கட்டி: குத்துவதா, அறுப்பதா?

மொரிஷியஸ் தமிழ் உறவுகள் அனுப்பிய கேள்விகளுக்கு, வாய் அறுவைச் சிகிச்சையில் பல வருடம் பழகியவள் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி (ரோஸ் ஹில்): டாக்டரம்மா, மகனுக்கு 11 வயது. கீழுதட்டின் உள்பக்கம் பட்டாணி அளவில் நீலம் பாய்ந்த கொப்புளம். உடைகிறது, இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது. ஊசியால் குத்தி நீரை எடுத்தால் போதாதா?

போதாது. உதட்டைக் கடித்ததில் சின்ன உமிழ்நீர்க் குழாய் ஒன்று அறுந்திருக்கும். எச்சில் வாய்க்குள் வர வழியில்லாமல் சதைக்குள் கசிந்து தேங்குகிறது. இதைத்தான் மியூக்கோசீல் என்கிறோம். குத்தினால் தேங்கிய நீர் போகும்; கசியும் சுரப்பி அங்கேயே இருக்கும். அதனால் கட்டியோடு அதை ஒட்டிய சின்னச் சுரப்பிகளையும் சேர்த்து எடுப்பதுதான் சரியான வழி. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சின்ன வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம். உதட்டில் ஓரிடம் கொஞ்ச நாள் மரத்திருக்கலாம். எடுத்த சதையைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பையன் கத்தியைக் கண்டு மிகவும் பயந்தால், கட்டிக்குள் நூலைக் கோத்து 7 முதல் 10 நாள் விட்டுவைக்கும் முறையும் உண்டு. நூல் வழியே எச்சிலுக்குப் புதுப் பாதை உருவாகும். வெட்டி எடுப்பதைவிட இதில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்றாலும் குழந்தைகளுக்கு முயன்று பார்க்கலாம். உதடு கடிக்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

கேள்வி (காத்ர் போர்ன்): நாக்குக்கு அடியில் ஒரு பக்கம் பெரிய வீக்கம். திறந்து வடித்துத் தைத்தார்கள். நாலு மாதத்தில் மறுபடி வந்துவிட்டது. இப்போது சுரப்பியையே எடுக்கச் சொல்கிறார்கள். எச்சில் வற்றிவிடாதா?

வற்றாது, பயப்படாதீர்கள். உங்களுடையது ரானுலா, அதாவது நாக்கடிச் சுரப்பியிலிருந்து கசியும் எச்சில் தேங்கிய கட்டி. தவளையின் தொண்டை உப்புவது போலத் தெரிவதால் லத்தீனில் 'குட்டித் தவளை' என்று பேர் வைத்தார்கள். முதலில் உங்களுக்குச் செய்தது மார்சுப்பியலைசேஷன்: கட்டியின் மேற்கூரையை வெட்டி, ஓரத்தை வாய்த்தோலோடு தைத்துத் திறந்த குழியாக விடுவது. சுலபமான வேலைதான். ஆனால் அந்தக் குழியின் வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும், அடியில் சுரப்பி கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

நாக்கடிச் சுரப்பியை எடுத்துவிட்டால் கசிவுக்கு மூலமே இல்லை. திரும்ப வருவது அபூர்வம். காதோரச் சுரப்பியும் தாடைக்கீழ்ச் சுரப்பியும்தான் பெரும்பங்கு எச்சிலைத் தருகின்றன. ஆனால் இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பும், தாடைக்கீழ்ச் சுரப்பியின் குழாயும் பக்கத்திலேயே ஓடுகின்றன. நரம்பு அடிபட்டால் நாக்கின் அந்தப் பாதி மரத்துப்போகும். அதனால் பொது மயக்கம் கொடுத்து, இந்தச் சிகிச்சையில் பழகிய கையால் செய்துகொள்ளுங்கள். "இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

வீக்கம் கழுத்துக்கும் இறங்கியிருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பெரும்பாலும் வாய் வழியாகவே சுரப்பியை எடுத்துவிடலாம்; கழுத்தில் வெட்டு வேண்டியிராது.

கேள்வி: லேசர் நல்லதா?

ரத்தம் குறைவு, பல நேரம் தையலே வேண்டாம். ஆனால் சுரப்பியை விட்டுவிட்டு மேல்கட்டியை மட்டும் சுட்டால் லேசருக்கும் அதே கதிதான்.

கேள்வி: கீழுதட்டில் அறுவை முடிந்து மூன்று வாரம். தைப்பூசக் காவடிக்கு நாக்கில் வேல் குத்துவதாக நேர்த்திக்கடன். குத்தலாமா?

இந்த வருடம் வாயில் வேண்டாம் தம்பி. மேலே தோல் மூடியிருந்தாலும் உள்காயம் முற்றிலும் ஆற மாதங்கள் ஆகும். நாக்கு நுனியின் அடியிலும் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. வேல் அதன் குழாயை அறுத்தால் அங்கேயும் இதே கட்டி வரலாம். காவடி எடுங்கள், பால்குடம் எடுங்கள், முருகன் ஏற்றுக்கொள்வான். விரதச் சாப்பாட்டில் தடையில்லை. காரத்தை மட்டும் ஆறும் வரை தள்ளி வையுங்கள்.

கேள்வி (போர்ட் லூயி): எனக்கு மேலுதட்டில் கட்டி. வலி இல்லை, கல் மாதிரி இருக்கிறது. இதுவும் எச்சில் கட்டிதானா?

எச்சில் கட்டி பெரும்பாலும் கீழுதட்டில்தான் வரும், தொட்டால் மெத்தென்று இருக்கும். மேலுதட்டிலோ அண்ணத்திலோ கெட்டியாக இருந்தால் அது சுரப்பியில் வளரும் வேறு கட்டியாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.