ஊரின் வாடிவாசலும் அரசின் அரங்கமும்

கேள்வி: அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்றே பெரிய அரங்கம் எழுப்பிய பிறகும், காணும் பொங்கலன்று நடக்கும் ஜல்லிக்கட்டை நெரிசலான ஊருக்குள்ளேயே நடத்துவது ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அரங்கத்தில் வசதியான இருக்கைகள் உண்டு, முனியாண்டி கோயில் இல்லை. 2024 ஜனவரி 24 அன்று அந்த அரங்கம் திறக்கப்படுவதற்கு ஒரு வாரம் முன்னர், பொங்கல் ஜல்லிக்கட்டு வழக்கம்போல் ஊரின் பழைய வாடிவாசலில் நடந்து முடிந்திருந்தது. அடுத்த ஆண்டும் அங்கேயேதான் நடந்தது. அறுவடை முடிந்த தை மாதத்தில் ஊர்த் தெய்வங்களுக்குச் செய்யும் வழிபாட்டின் தொடர்ச்சியாகவே இவ்விழாவை அவ்வூரார் கருதுகிறார்கள். ஆகவேதான் முதலில் கோயில் காளைகளை அவிழ்த்து விடுகிறார்கள். அவற்றின் மீது எந்த மாடுபிடி வீரரும் கை வைப்பதில்லை. அதன் பிறகே மற்றக் காளைகள் ஒவ்வொன்றாகத் தேங்காய் நார் பரப்பிய களத்துக்குள் பாய்கின்றன. திமிலை மட்டுமே அணையலாம்; வாலையோ கொம்பையோ பிடித்தவர் பிடித்ததாகக் கணக்கில்லை. யாரையும் நெருங்க விடாமல் நின்று விளையாடும் காளைக்குக் கிடைக்கும் கைதட்டல், பிடித்தவருக்குக் கிடைப்பதைவிடப் பல நேரங்களில் பெரிது.

இதை எப்போது, எப்படி நடத்துவது என்பதில் ஊரின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை 2017 காட்டியது. 2014 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நின்றுபோன ஜல்லிக்கட்டுக்காக மாணவர்களும் இளைஞர்களும் மெரினாவில் திரண்டதன் விளைவாக அவசரச் சட்டம் வந்தது. ஜனவரி 22 அன்று போட்டியைத் தொடங்கி வைக்க முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மதுரை வரை வந்திருந்தும், நிரந்தரச் சட்டம் இல்லாமல் காளையை அவிழ்க்க மாட்டோம் என்று அலங்காநல்லூர் மக்கள் மறுத்துவிட்டார்கள். சட்டம் நிறைவேறிய பின், பிப்ரவரி 10 அன்றுதான் வாடிவாசல் திறந்தது.

எல்லா ஊரிலும் இத்தகைய ஒற்றுமை இருப்பதாக எண்ண வேண்டாம். தை முதல் நாளன்று போட்டி நடக்கும் அவனியாபுரத்தில், யார் முன்னின்று நடத்துவது என்ற பிணக்கு நீதிமன்றம் வரை போனதால், 2020இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையிலான குழு அதை நடத்தியது. மறுநாள் போட்டி நடக்கும் பாலமேட்டிலோ ஊர்ப் பொது மடத்தின் கமிட்டியே இன்றும் முன்னிற்கிறது. அரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டின் மற்ற நாள்களில் நடத்தும் போட்டிகளுக்கு அது மிகவும் பொருத்தமான இடம்.

கேள்வி: வேட்டியும் துண்டும் கொடுத்த இடத்தில் இன்று காரும் டிராக்டரும் கொடுக்கிறார்கள். இது மரபுக்கு அடுக்குமா? (வாசகி, தேனி)

பதில்: ஏரிலும் வண்டியிலும் பூட்டாத காளையை ஆண்டு முழுவதும் பருத்திக்கொட்டை வைத்து வளர்த்து, நீச்சலும் நடையும் பழக்கி, சில நொடி ஆட்டத்துக்காகக் கொண்டு வருபவரின் செலவை நினைத்துப் பார்த்தால், கார் பெரிய பரிசாகத் தோன்றாது. புலிக்குளம் போன்ற நாட்டு மாடுகளைப் பலர் விற்காமல் வைத்திருப்பதற்கு இந்த ஆசையும் ஒரு காரணம். எனக்கு உறுத்துவது டிராக்டர் ஒன்றுதான்: வயலிலிருந்து மாட்டை விரட்டிய வண்டியையே சிறந்த மாட்டுக்குப் பரிசாகக் கொடுக்கிறோம்!