நாய், பூனைக்கெல்லாம் ஆத்துமா உண்டா? செத்தபின் பரலோகம் போகுமா?

இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. பெரும்பாலும் வீட்டில் ஒரு நாயோ பூனையோ செத்திருக்கும். எனக்கும் அப்படித்தான். 14 வருஷம் எங்களோடு இருந்த நாய். கடைசி இரவு என் மடியில்தான் தலைவைத்துப் படுத்திருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. விலா ஒருமுறை ஏறி இறங்கியது, அப்புறம் ஏறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் போதகரிடம் கேட்டாள். "மிருகத்துக்கு ஆத்துமா கிடையாதும்மா, உயிர் மட்டும்தான்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வேதம் அப்படிச் சொல்கிறதா?

ஆதியாகமம் 2:7-ல் மனுஷன் "ஜீவாத்துமாவானான்" என்று படிக்கிறோம். எபிரெய மூலத்தில் அது 'நெஃபெஷ் ஹய்யா'. 1:24-ல் மிருகங்களுக்கும் அதே சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே "ஜீவஜந்துக்கள்" என்று போட்டிருக்கிறது. தமிழில் மட்டும் படிப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. மனுஷனுக்கு மட்டும் என்று அந்த அதிகாரங்கள் ஒதுக்கிவைப்பது தேவசாயலை (1:27), ஆத்துமாவை அல்ல.

போதகரின் பதில் சபையின் பழைய போதனை என்றும் சொல்லிவிட முடியாது. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, செடிக்கும் மிருகத்துக்கும்கூட ஒருவகை ஆத்துமா உண்டு என்றே எழுதினார். மிருகத்தின் ஆத்துமாவுக்கு உடலைவிட்டுத் தனியாகச் செய்ய ஒரு வேலையும் இல்லை, ஆகவே உடலோடு அதுவும் அழியும் என்பது அவர் வாதம். மிருகம் வெறும் இயந்திரம் என்றது பிற்பாடு வந்த பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட். அவர் எங்கள் நாயோடு ஒரு நாள் இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, மறுமை? வேதத்தில் நேரடிப் பதில் இல்லை. மிருகத்தின் ஆவி கீழே போகிறது என்பதை "அறிகிறவன் யார்?" என்று பிரசங்கி (3:21) கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஆனால் ரோமர் 8-ல் பவுல், சிருஷ்டி முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்கிறார். இதைவைத்தே மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781-ல் ஒரு பிரசங்கத்தில், பட்ட பாடுகளுக்கெல்லாம் ஈடாக மிருகங்களும் மீட்கப்படும் என்றார். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940-ல், வளர்ப்புப் பிராணி தன் எஜமானுக்குள் இருந்து அவரோடு வாழ்வு பெறலாம் என்று ஊகித்தார். அழகான யோசனைதான். ஆனால் எஜமானே இல்லாத காட்டுப் பறவை என்ன செய்யும்? போப் பிரான்சிஸ் ஒரு சிறுவனிடம் உன் நாய் பரலோகம் போகும் என்றதாக 2014-ல் பரவிய செய்தி தவறு. ஆனால் 2015-ல் அவர் வெளியிட்ட சுற்றுமடல், நித்திய வாழ்வில் ஒவ்வொரு சிருஷ்டியும் மறுரூபமாகித் தனக்குரிய இடத்தைப் பெறும் என்று சொல்கிறது.

என் கணிப்பில், 'ஆத்துமா உண்டா' என்பதையே பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் சிக்கல். கிறிஸ்தவ நம்பிக்கை ஆத்துமா சாகாது என்பதோடு நின்றுவிடுவதில்லை. உயிர்த்தெழுதலும் புது வானமும் புது பூமியும்தான் அதன் முடிவு. அந்தப் பூமியில் மனுஷன் மட்டும் தனியாக நிற்பான் என்று என்னால் படிக்க முடியவில்லை. (உடனே "அப்போ கொசு?" என்பார்கள். விட்டுவிடுங்கள்.)

மகளிடம் "கண்டிப்பா பார்ப்பே" என்று நான் சொல்லவில்லை. லூக்கா 12:6-ஐ வாசித்துக் காட்டினேன். இரண்டு காசுக்கு ஐந்து குருவி. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு என்றிருப்பதால், ஐந்தாவது இனாம். அந்த இனாம் குருவியும் தேவனால் மறக்கப்படுவதில்லை. நாம் குருவிகளைவிட விசேஷித்தவர்கள் என்ற அடுத்த வசனத்தையும் சேர்த்தே வாசித்தேன்.

"அப்போ நம்ம நாயையும் மறக்கமாட்டார்தானே?" என்றாள்.

மாட்டார் என்றேன்.