மகளின் தாடைச் சத்திரசிகிச்சைக்காக அடகு நகையில் மேலும் கடன் எடுக்கலாமா?

கேள்வி: எனது 19 வயது மகளின் கீழ்த்தாடை முன்தள்ளி வளர்ந்திருக்கிறது. பல்லுக்குக் கிளிப் போட்டு, பின்னர் தாடையில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று பல் சீரமைப்பு நிபுணர் சொல்லிவிட்டார். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை எல்லாவற்றுக்குமாக 18 இலட்சம் ரூபா கேட்கிறது. முழுவதையும் இப்போதே கட்டினால் 10 வீதம் கழிவு. 2021இல் கணவரின் தம்பியைப் பிரான்சுக்கு அனுப்ப 12 பவுண் நகையை 5 இலட்சத்துக்கு அடகு வைத்தோம். அது இன்று 9 இலட்சமாக நிற்கிறது. பவுண் விலை ஏறியிருப்பதால் மேலும் 16 இலட்சத்துக்கு மேல் எடுக்கலாம் என்கிறார்கள். செலவு போக மாதம் 35,000 ரூபா மிஞ்சுகிறது. எடுக்கலாமா?
- ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பதில்: எடுக்க வேண்டாம். மகளுக்குச் சிகிச்சை வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மெல்லுவதும் பேசுவதும் பாதிக்கப்படும் ஒரு பிள்ளைக்கு இது அழகுக்கான செலவு அல்ல, அதை அவசியம் செய்து கொடுங்கள். என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த 9 இலட்சம்தான்.

5 இலட்சம் எப்படி 9 இலட்சமானது? ஒவ்வொரு வருடமும் தவணை முடியும்போது பவுண் விலை கூடியிருக்கிறது. நீங்களும் வட்டியைக் கையிலிருந்து கட்டாமல், கூடுதலான தொகைக்கு மீள்அடகு வைத்து, அந்தக் காசிலேயே பழைய வட்டியைத் தீர்த்திருக்கிறீர்கள். வருட வட்டி சராசரியாக 16 வீதம் என்று வைத்துப் பாருங்கள்: 5 இலட்சம் முதல் வருட முடிவில் 5.8, பின்னர் 6.7, 7.8, நான்காம் வருடத்தில் 9 இலட்சம். அதாவது, ஒரு ரூபா கூடப் புதிதாகக் கையில் வாங்காமலே 4 இலட்சம் கடன்பட்டிருக்கிறீர்கள். தங்கம் விலையேறியதால் வந்த இலாபத்தில் அந்த 4 இலட்சமும் வட்டியாகப் போய்விட்டது. இதே வழியில், 10 வீதக் கழிவு போக வேண்டிய 16.2 இலட்சமும் சேர்ந்தால் கடனின் முதல்தொகை 25.2 இலட்சமாகும்; அதற்கு வருட வட்டி ஏறத்தாழ 4 இலட்சம், மாதத்துக்கு 33,600 ரூபா. உங்களுக்கு மிஞ்சுவதே 35,000.

அடுத்து, அந்தக் கழிவைப் பார்ப்போம். இச்சிகிச்சையில் சத்திரசிகிச்சை முதலில் வருவதில்லை. தாடைக் குறையை ஈடுசெய்யத் தாமாகவே சாய்ந்து நிற்கும் பற்களைக் கிளிப் போட்டு நேராக்க வழக்கமாக 12 முதல் 18 மாதம் பிடிக்கும்; அக்காலத்தில் கடி, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம், முன்னைவிட மோசமாகத் தெரியும், அது எதிர்பார்க்கப்படுவதுதான். அதன் பின்னரே தாடை எலும்பை வெட்டி நகர்த்தி, தைத்தேனியத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்துவார்கள். பிறகும் பல மாதம் கிளிப் இருக்கும். ஆகவே, செலவின் பெரும் பங்கு இன்றைக்குத் தேவையே இல்லாத காசு. 15 மாதத்துக்குப் பின்னர் நடக்கப்போகும் ஒன்றுக்காக இன்று 16.2 இலட்சத்தைக் கடனாக எடுத்தால், சத்திரசிகிச்சை நாள் வருவதற்குள் 3.24 இலட்சம் வட்டியாகிவிடும். கிடைக்கும் கழிவோ 1.8 இலட்சம். கட்டம் கட்டமாகவே கட்டுங்கள்.

அதற்கும் முன்னர், அரச வைத்தியசாலைகளில் இது இலவசம் என்பதை நீங்கள் ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாய், முக, தாடை சத்திரசிகிச்சைப் பிரிவில் மகளை உடனே காட்டுங்கள்; தேவைப்பட்டால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் கிளிப் காலமே ஒரு வருடத்துக்கு மேல் என்பதால், அந்தக் காத்திருப்பில் பெரும் பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடும். கிளிப்பைத் தனியாரிடம் போட்டாலும், போடுவதற்கு முன்னரே சத்திரசிகிச்சை நிபுணரும் பல் சீரமைப்பு நிபுணரும் சேர்ந்து திட்டமிட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கடனட்டைத் தவணையில், "வட்டியில்லை" என்ற விளம்பரத்தோடு, கிளிப்புக்குப் பதிலாக மாட்டும் ஒளிபுகும் பல் உறைகளை விற்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். தாடை எலும்பின் குறையை எந்த உறையும் தனியே திருத்தாது. சத்திரசிகிச்சையைத் தவிர்த்துப் பல்லை மட்டும் சாய்த்துக் குறையை மறைக்கும் முறையில் பற்கள் நகரும் திசை, சத்திரசிகிச்சைக்குத் தயார்செய்யும் திசைக்கு நேர் எதிரானது; இடையில் மனம் மாறினால் இரண்டு தடவை பணம், இரண்டு தடவை காலம்.

கணவரின் தம்பி பற்றி நீங்கள் எதுவும் குறை சொல்லவில்லை. உங்கள் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனாலும் அவருக்காக எடுத்த கடனின் இன்றைய வட்டி மாதம் 12,000 ரூபா, அது 40 யூரோவைத் தாண்டாது. இந்தக் கணக்கை எழுதி, உங்கள் கணவரின் கையால் அவருக்கு அனுப்பச் செய்யுங்கள். முழுக் கடனையும் ஒரேயடியாகக் கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். மாத வட்டியைக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது.

அவர் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், இம்மாதம் முதல் 12,000 ரூபாவை வட்டிக்கென்று ஒதுக்கி வையுங்கள். மிகுதி 23,000இல் கிளிப் செலவு போக மிஞ்சுவதை வங்கியில் முதலுக்குக் கட்டுங்கள். அடுத்த தவணையில் பவுண் விலை எவ்வளவு ஏறியிருந்தாலும், 9 இலட்சத்துக்கு மேல் ஒரு ரூபாவுக்கும் கையெழுத்திட வேண்டாம்.